முள்ளந்தண்டுச் சாலகக் கூடுகளும் ஆக்கவுரிமைப் பரிசோதனையும்

ஒரு பொருளைப் புதிதாகக் கண்டவர் எவர், அவர் கண்டது உண்மையிற் புதியதா என்னும் வினாக்கள் எளியனவாகத் தோன்றினும், விடை காண முற்படும்போதே அவற்றின் அருமை புலனாகும். மருத்துவப் பொறியியலில் அண்மைக் காலத்தே பெருவளர்ச்சி பெற்றுள்ள நுண்டுளைச் சாலக அமைப்புடைய முள்ளந்தண்டுக் கூடுகள் இவ்வினாக்களைக் கூர்மையாக எழுப்புகின்றன. இத்தகைய கூடொன்றுக்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பம் வரும்போது, அதனைப் பரிசோதிப்பவர் எவற்றை நோக்குகின்றார், அவரது தீர்ப்பு எவ்விடத்தில் இடர்ப்படுகின்றது என்பனவற்றை ஐக்கிய அமெரிக்க நடைமுறையை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரையில் நாம் ஆராய்வோம்.

கூடும் சாலகமும்

முள்ளென்புகளுக்கு இடையேயுள்ள தட்டுச் சிதைவுறும்போது, சத்திரசிகிச்சை நிபுணர் அதனை அகற்றி, அவ்விடத்தில் ஒரு கூட்டினைப் பொருத்துவதுண்டு. மேலும் கீழுமுள்ள என்புகள் அக்கூட்டினூடாக வளர்ந்து ஒன்றாதல் வேண்டும் என்பதே நோக்கம். இம்முறையின் முன்னோடிகளுள் ஒருவர் ஜோர்ஜ் பாக்பி என்னும் அமெரிக்க மருத்துவராவார். குதிரைகளின் கழுத்து முள்ளந்தண்டில் ஏற்படும் நோய்க்காக, துளைகளிடப்பட்ட கறையில் உருக்கு உருளையொன்றினை அவர் பயன்படுத்தினார். அதன் வழிவந்த தைற்றேனியத் திருகுக்கூடு 1996ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் மனிதருக்குப் பயன்படுத்த அங்கீகாரம் பெற்றது. எனவே, என்பு வளர்வதற்காகக் கூட்டிலே துளையிடுதல் என்னும் எண்ணம் நெடுங்காலத்துக்கு முற்பட்டது என்பதனை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும்.

ஆயின், திண்ணிய உலோகத்துக்கு ஒரு குறையுண்டு. அலுமினியமும் வனேடியமும் கலந்த தைற்றேனியக் கலப்புலோகத்தின் யங்கின் மட்டு ஏறத்தாழ 110 கிகாபசுகால் ஆகும். வன்மை மிக்க புறவென்பின் மட்டோ 10 முதல் 20 கிகாபசுகால் வரையினதே. உட்புறத்துப் பஞ்சென்பின் மட்டு அதனினும் மிகக் குறைவு. தாங்கும் சுமைக்கேற்ப என்பு தன்னை மாற்றியமைத்துக் கொள்ளும் என்பதை யூலியஸ் வொல்வ் 1892இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆதலின், விறைப்பான உலோகமே சுமை முழுவதையும் ஏற்குமாயின், சுமையிழந்த என்பு நலிவுறும். விறைப்பான கூடு அயலிலுள்ள மென்மையான என்பினுள் அமிழ்ந்துவிடுதலும் உண்டு.

இக்குறைக்குப் பரிகாரமாகவே சாலக அமைப்பு வந்தது. உலோகத் தூளைப் படைபடையாகப் பரப்பி, லேசர்க் கதிரால் அல்லது இலத்திரன் கற்றையால் வேண்டிய இடங்களில் மட்டும் உருக்கும் பொறிகள், மெல்லிய கோல்கள் ஒன்றோடொன்று பின்னிய வலையமைப்பை உருவாக்க வல்லன. அவ்வலையின் வெற்றிடம் உலோகத்தின் விறைப்பைத் தணிக்கின்றது. என்பும் அதனுள்ளே வளர்கின்றது. என்பு உள்வளர்வதற்குத் துளைகள் குறைந்தது 100 மைக்கிரோமீற்றர் அளவினவாதல் வேண்டும் என்னும் கருத்து 1970ஆம் ஆண்டு முதலே ஆய்வேடுகளில் இடம்பெற்று வந்துள்ளது.

பரிசோதகர் முன்னுள்ள வினாக்கள்

ஆக்கவுரிமை அலுவலகத்தில் எடைபோடப்படுவது உலோகக் கூடன்று. அதனை வருணிக்கும் உரிமைக்கோரலின் சொற்களே. அச்சொற்கள் எவற்றையெல்லாம் தம்முள் அடக்குமோ, அவை அனைத்தையும் ஏனையோர் செய்யாது தடுக்கும் அதிகாரம், பொதுவாக விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, உரிமையாளருக்குக் கிடைக்கின்றது. ஆகவே பரிசோதகர் மூன்று வினாக்களை எழுப்புவர். கோரப்பட்டது முன்னரே உலகில் வெளிப்பட்டுள்ளதா? வெளிப்படவில்லையாயின், அத்துறையிற் சாதாரண தேர்ச்சியுடைய ஒருவருக்கு அது எளிதிற் புலப்படக்கூடியதா? விண்ணப்பம் பிறரும் அதனைச் செய்யத்தக்க வகையிற் போதிய விளக்கம் தந்து, கோரலின் எல்லையைத் தெளிவாக வரைந்துள்ளதா?

விளக்கத்தின் பொருட்டு நாமே ஓர் உரிமைக்கோரலைக் கற்பனை செய்துகொள்வோம்: “முள்ளந்தண்டு இணைப்புக்கான, இலத்திரன் கற்றையால் உருக்கி ஆக்கப்பட்ட தைற்றேனியக் கலப்புலோகக் கூடு, அதன் வெற்றிட விகிதம் நூற்றுக்கு 60 முதல் 80 வரை, துளையளவு 300 முதல் 700 மைக்கிரோமீற்றர் வரை, யங்கின் மட்டு 4 முதல் 18 கிகாபசுகால் வரை.” இக்கோரல் மேலெழுந்தவாரியாக நோக்குவோருக்குப் பல வரையறைகளால் இறுக்கப்பட்டதாகத் தோன்றும். ஒவ்வொன்றையும் பிரித்து நோக்கினாற் றோற்றம் மாறும்.

பயன்பாட்டுச் சொல்லும் ஆக்கமுறைச் சொல்லும்

“முள்ளந்தண்டு இணைப்புக்கான” என்னும் தொடரை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு பொருளின் பயனை மட்டும் மாற்றிக் கூறுவதால் அப்பொருள் புதியதாகிவிடாது. சோளப்பொரியைச் சிறிது சிறிதாக வெளிவிடும் கூம்பு மூடியொன்றுக்கு உரிமை கோரப்பட்டபோது, எண்ணெய்க் கலத்துக்கென அமைக்கப்பட்ட பழைய கூம்பு மூக்கொன்று அதற்கு முன்சான்றாகக் காட்டப்பட்டது. பழைய கூம்பும் அதே தொழிலைச் செய்ய வல்லதாகையால், உரிமை மறுக்கப்பட்டமை சரியே என மேன்முறையீட்டு நீதிமன்றம் 1997இல் தீர்த்தது. எனவே இடுப்பு மூட்டுக்கென முன்னர் விவரிக்கப்பட்ட சாலகமொன்று, முள்ளென்பிடையே வைக்கத்தக்க வடிவமும் அளவும் உடையதாயிருப்பின், அது முன்சான்றாகிவிடும். வடிவம் அதற்கு இடந்தராதாயின், புதுமை பற்றிய எதிர்ப்பு நிற்காது.

“இலத்திரன் கற்றையால் உருக்கி” என்பது அடுத்தது. பொருளொன்றைக் கோருமிடத்து, அது ஆக்கப்பட்ட முறையன்று, ஆக்கப்பட்ட பொருளே ஒப்புநோக்கப்படும் என்பது 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றாலும் உறுதிசெய்யப்பட்ட நெறியாகும். இதனால், வேறு முறையில் ஆக்கப்பட்ட நுண்டுளை உலோகங்களும் பரிசோதகரின் தேடலுக்குள் வந்துவிடுகின்றன. எடுத்துக்காட்டாக, காபன் நுரையொன்றின்மேல் தந்தாலத்தை ஆவிநிலையிலிருந்து படியவைத்துப் பஞ்சென்பை ஒத்த அமைப்பை ஆக்கும் முறையை விவரித்த கப்லானின் ஆக்கவுரிமை 1994இலேயே வழங்கப்பட்டது. தந்தாலம் தைற்றேனியமன்று என விண்ணப்பதாரர் கூறுதல் பொருத்தமே. ஆயினும், திறந்த துளையமைப்பின் நோக்கத்தை அவ்வாவணம் முன்னரே கற்பித்துவிட்டது.

எண்களின் வேலி

விண்ணப்பத்தின் உயிர்நிலை அதன் எண்களிலேயே தங்கியுள்ளது. கிப்சனும் ஆஷ்பியும் 1982இல் வெளியிட்ட ஆய்வின்படி, கோல்கள் வளைவதால் உருமாறும் திறந்த நுரையமைப்புகளில், மட்டின் விகிதம் அடர்த்தி விகிதத்தின் வர்க்கத்துக்கு ஏறத்தாழச் சமனாகும். நமது கோரலுக்கு இதனைப் பிரயோகிப்போம். வெற்றிடம் நூற்றுக்கு 60 ஆயின் அடர்த்தி விகிதம் 0.4, அதன் வர்க்கம் 0.16; அதனை 110ஆற் பெருக்க 17.6 கிகாபசுகால் வரும். வெற்றிடம் நூற்றுக்கு 80 ஆயின் அடர்த்தி விகிதம் 0.2, வர்க்கம் 0.04; மட்டு 4.4 கிகாபசுகால். அதாவது, கோரலில் தனி வரையறை போல் நிற்கும் “4 முதல் 18 வரை” என்பது, “60 முதல் 80 வரை” என்பதன் கணக்கு விளைவேயன்றி வேறன்று. ஒரே உண்மை இரு பெயர்களுடன் இருமுறை எழுதப்பட்டுள்ளது. இதனை உணராத பரிசோதகர், மட்டினைக் குறிப்பிடாத முன்சான்றைக் கண்டு, இவ்வரையறை புதியது என மயங்கக்கூடும்.

இம்மயக்கத்துக்கு எதிரான தீர்ப்பொன்று தைற்றேனியத்தைப் பற்றியே அமைந்தமை குறிப்பிடத்தக்கது. நூற்றுக்கு 0.6 முதல் 0.9 வரை நிக்கலும், 0.2 முதல் 0.4 வரை மொலிப்டினமும் கொண்ட தைற்றேனியக் கலப்புலோகத்துக்கு உரிமை கோரப்பட்டது. அது சூடான உப்புநீரின் அரிப்பைத் தாங்கும் என்பதை விண்ணப்பதாரர் கண்டறிந்திருந்தனர். ஆனால், 1970இல் வெளியான உருசியக் கட்டுரையொன்றின் வரைபடத்தில் 0.75 நிக்கலும் 0.25 மொலிப்டினமும் கொண்ட கலவையைக் குறிக்கும் ஒரு புள்ளி இருந்தது. அரிப்பைப் பற்றி அக்கட்டுரை ஒன்றுங் கூறவில்லை. எனினும், வீச்சினுள் அடங்கும் ஒரு கலவை முன்னரே அறியப்பட்டிருப்பின் அவ்வீச்சுப் புதியதன்று எனவும், பழைய பொருளின் புதிய பண்பைக் கண்டறிதல் அப்பொருளைப் புதியதாக்காது எனவும் 1985இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. சாலகங்களுக்கும் இந்நெறி பொருந்தும். பழைய சாலகமொன்றின் மட்டினை இன்று அளந்து எழுதுபவர் அச்சாலகத்துக்கு உரியவராகார்.

முன்சான்றின் வீச்சும் கோரலின் வீச்சும் ஒன்றன்மேலொன்று படியுமிடத்து, கோரப்பட்டது எளிதிற் புலப்படுவதே எனப் பரிசோதகர் முதற்றோற்றமாகக் கொள்ளலாம். அதன்பின் விடைகூறும் பொறுப்பு விண்ணப்பதாரரைச் சாரும். தாம் தெரிந்தெடுத்த வீச்சினுள் எதிர்பாராத நன்மையொன்று தோன்றுகின்றது என்பதையும், அது வீச்சு முழுவதற்கும் பொருந்துகின்றது என்பதையும் அவர் காட்டுதல் வேண்டும். 500 மைக்கிரோமீற்றரில் மட்டும் செய்த பரிசோதனை, 300 முதல் 700 வரையான எல்லைக்குச் சான்றாதல் அரிது.

அளவையின் தெளிவின்மை

“துளையளவு” என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. அது துளையினுள் அடங்கும் மிகப்பெரிய கோளத்தின் விட்டமா? அடுத்தடுத்த கோல்களின் மையங்களுக்கிடையேயான தூரமா? வெட்டுமுகப் படத்திலிருந்து பெறும் சராசரியா? ஒரே கூடு ஒரு முறைப்படி கோரலுக்குள்ளும், மற்றொரு முறைப்படி அதற்கு வெளியிலும் அமைதல் கூடும். முற்றாக உருகாத தூள்மணிகள் கோல்களில் ஒட்டியிருப்பதால், கணினி வரைவில் உள்ள அளவும் உலோகத்தில் உள்ள அளவும் வேறுபடுதலும் உண்டு. மருந்தொன்றின் சராசரி மூலக்கூற்று நிறை எம்முறையால் அளக்கப்பட்டது எனக் கூறாமையால் அதன் உரிமைக்கோரல் தெளிவற்றது என 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. அளக்கும் முறையை விண்ணப்பத்தில் எழுதாதவர், பின்னர் அதனை நிரப்பிக்கொள்ளவும் இயலாது.

கண்டுபிடிப்பு எங்கே உள்ளது?

இவ்வாறு நோக்கின், சாலகக் கூடுகளில் ஆக்கவுரிமைக்குரியது எதுவுமே இல்லையோ என வாசகர் ஐயுறலாம். அவ்வையம் தேவையற்றது. மேற்கண்ட வர்க்க விதி, வளையும் கோல்களுக்கே உரியது. சட்டகமொன்று விறைப்பாயிருப்பதற்கு வேண்டிய கோல்களின் எண்ணிக்கையை மக்ஸ்வெல் 1864இலேயே ஆராய்ந்தார். முக்கோணங்களாற் பிணைக்கப்பட்ட சாலகங்களில் கோல்கள் வளையாது நீள்கின்றன அல்லது சுருங்குகின்றன. ஆதலால், அவற்றின் மட்டு அடர்த்தியோடு நேர்விகிதமாகவே குறையும். எனவே ஒரே வெற்றிட விகிதத்தில், கோல்களின் ஒழுங்கை மாற்றி, ஒரு திசையில் விறைப்பையும் மற்றொரு திசையில் நெகிழ்வையும் பெற இயலும். என்பு தொடும் பரப்பில் ஓர் அமைப்பும், சுமை தாங்கும் விளிம்பில் வேறோர் அமைப்பும் வகுத்து, இரண்டும் இணையுமிடத்தில் உலோகம் களைப்புற்று முறியாதிருக்க வழிகண்டவர், எண்ணை மட்டும் வேலியிட்டவரல்லர். அவரது கோரல் எண்ணின் காரணத்தைக் கூறுகின்றது.

இங்கே பரிசோதகருக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். விடையைப் பார்த்தபின் வினா எளிதாகத் தோன்றுதல் மனித இயல்பு. அறியப்பட்ட கூறுகளின் சேர்க்கையைப் பற்றி 2007இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பரிசோதகருக்கு நெகிழ்ச்சியைத் தந்ததாயினும், அக்கூறுகளைச் சேர்ப்பதற்குக் காரணம் காட்டவேண்டும் என்பதையும் வலியுறுத்தியது. பழைய ஏடுகளை மேசைமேல் வரிசையாக அடுக்கிவிட்டால் மட்டும் அவை தாமே ஒன்று சேர்ந்துவிடா.

இரு அலுவலகங்கள், இரு கூற்றுகள்

ஈற்றில் ஒன்றைக் கூறுதல் தகும். ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய கூடுகளுட் பல, முன்னரே சந்தையிலுள்ள கூடொன்றுக்குச் சாரத்திற் சமமானவை எனக் காட்டியே மருத்துவ அங்கீகாரம் பெறுகின்றன. அதே நிறுவனம் ஆக்கவுரிமை அலுவலகத்தில், தனது கூடு முன்னையவற்றினின்றும் வேறானது என வாதிடுகின்றது. இரு சட்டங்களின் அளவுகோல்களும் வேறாகையால், இவ்விரு கூற்றுகளும் எப்போதும் முரணானவை எனக் கொள்ளலாகாது. பாதுகாப்பிற் சமமானது அமைப்பிற் புதியதாயிருக்கலாம். ஆனால், சமமென்று ஓரிடத்தில் எடுத்துக்காட்டிய அதே அமைப்பினை மற்றோரிடத்தில் மறைத்தல் ஏற்கத்தக்கதன்று. பிற அரச அலுவலகங்களுக்குக் கூறியவற்றோடு முரண்படும் கூற்றுகளை ஆக்கவுரிமை அலுவலகத்திற் செய்யலாகாது என்பதை 2022ஆம் ஆண்டு அறிவித்தலொன்று விண்ணப்பதாரருக்கு நினைவுறுத்தியது.

இத்தனை நுணுக்கமும் எதற்காக? முள்ளந்தண்டுத் தொழினுட்பம் தொடர்பான ஒரு மருத்துவரின் ஆக்கவுரிமைகளைப் பெறுவதற்கும் அவை பற்றிய வழக்கைத் தீர்ப்பதற்குமாக 2005இல் ஒரு நிறுவனம் 135 கோடி டொலர் வழங்க உடன்பட்டது. இத்தகைய பொருளின் சுமை இறுதியில் நோயாளியின் செலவிலும் ஒரு பங்காகச் சேர்கின்றது. உண்மையான கண்டுபிடிப்புக்கு அவ்விலை தகும். என்பின் இயல்பிலிருந்தும் 1982ஆம் ஆண்டு விதியிலிருந்தும் எவரும் கணித்துப் பெறக்கூடிய எண்ணுக்கு அது தகாது. இவ்விரண்டையும் வேறுபடுத்துவதற்குப் பரிசோதகருக்கு வேண்டுவது சட்ட அறிவு மாத்திரமன்று. கோரலின் ஒவ்வோர் எண்ணையும் எடுத்து, இது எதன் விளைவு எனக் கணக்கிட்டுப் பார்க்கும் பொறுமையும் வேண்டும்.