கருத்தடை மாத்திரை உடலிற் செய்யும் தொழில்

மதுரையைச் சூழ்ந்த ஊர்களிலுள்ள அரசினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘மாலா-என்’ என்னும் மாத்திரை அட்டை விலையின்றி வழங்கப்பெறுகின்றது. ஓர் அட்டையில் 28 மாத்திரைகள் உள. அவற்றுள் கருவைத் தடுப்பன 21 மட்டுமே. நிறம் வேறான ஏனைய 7 இரும்புச் சத்தாம். ஒரு வாரம் வெறும் இரும்பை உண்டும் கரு உண்டாகாதிருப்பது எங்ஙனம் என்று நண்பர்கள் வினவலாம். நல்ல வினாவே.

மூளையின் அடியிற் பட்டாணி அளவினதாய்ப் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி உளது. அது விடுக்கும் இரண்டு ஹார்மோன்களின் ஏவலால், சினைப்பையிற் சூல்முட்டை முதிர்ந்து திங்கள்தோறும் வெளிப்படும். சினைப்பையும் வாளாவிராது, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் தன் ஹார்மோன்களை இரத்தத்திற் கலக்கும். கண்மாய் நிறைந்திருக்கக் கண்ட நம் குடியானவர் வரத்துக்காலின் மதகை அடைப்பரன்றோ? அங்ஙனமே இவ்விரண்டும் இரத்தத்தில் ஒருங்கே நிலைபெற்றிருப்பின் பிட்யூட்டரி தன் ஏவலைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையில் இவற்றை ஒத்த செயற்கைப் பொருள்கள் உள: லெவொனார்ஜெஸ்ட்ரெல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 0.03 மில்லிகிராம். நாள்தோறும் இவற்றை உண்ண, கண்மாய் நிறைந்ததென மயங்கி மூளை மதகை அடைத்துவிடுகின்றது, சூல்முட்டை வெளிப்படுவதில்லை. அன்றியும், கருப்பை வாயிலின் சளி தடித்து விந்தணுவின் வழியை மறிக்கும்.

இனி அவ்வேழு நாட்களைக் காண்போம். ஹார்மோன் குறையவே கருப்பையின் உட்சவ்வு கழன்று உதிரம் போகும். பிட்யூட்டரியும் மெல்ல விழித்தெழும். முட்டையொன்று வளரத் தொடங்கவும் கூடும். எனினும் அது முதிர்தற்கு ஏழு நாள் போதா. எட்டாம் நாள் புதிய அட்டை தொடங்கியதும் மதகு மீண்டும் அடைபடும். இதனால் விளங்குவது யாதெனின், ஆபத்து அட்டையின் நடுவிலன்று, விளிம்பிலேயே மிகுதி என்பது. நடுவில் ஒன்றை மறந்தவள் நினைவு வந்தவுடன் உண்டாற் போதும். புதிய அட்டையை இரண்டு மூன்று நாள் தாழ்த்துத் தொடங்குபவளுக்கோ இடைவெளி ஒன்பது பத்து நாளாகிவிடும், முட்டை முந்திக்கொள்ளும். அத்தகையோர் தொடர்ந்து ஏழு மாத்திரை உண்ணுங்காறும் ஆணுறையும் வேண்டும். கணவன் வெளியூரினின்று வந்த நாளில் மட்டும் உண்பதாற் பயனில்லை என்பதும் இதனாற் பெறப்படும்.

இரத்தக் கொதிப்புடையார், இரத்தம் உறைந்து கட்டிய நோயுற்றார், ஆறு திங்கள் நிரம்பாத குழந்தைக்குப் பாலூட்டுவார், 35 வயது கடந்து புகைப்பார் ஆகியோர்க்கு இம்மாத்திரை ஆகாது. ஏனையோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்கல் வேண்டும். உண்டவள் மலடாவாள் என்னும் அச்சம் ஆதாரமற்றது. நிறுத்தியபின் மதகு திறக்கும். பலர்க்கு ஓரிரு திங்களிலேயே முட்டை மீண்டும் வெளிப்படுகின்றது.