எஞ்சினுக்கு முந்திய தண்டவாளம்

ரயிலின் வரலாற்றை நீராவி எஞ்சினிலிருந்து தொடங்குவது வழக்கம். அது பாதியில் தொடங்கும் கதை. இங்கிலாந்தில் நாட்டிங்காம் அருகே ஸ்ட்ரெல்லியிலிருந்து வொல்லட்டன் வரை சுமார் 2 மைலுக்கு ஹன்டிங்டன் போமாண்ட் மரத் தண்டவாளம் போட்டு முடித்தது 1604-ல். தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் ஓடியதோ 1804-ல். இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் ரயில்பாதை என்ற அமைப்பை உருவாக்கியது நிலக்கரிதான். நிலக்கரி எடை மிகுந்தது, விலை குறைந்தது. சேற்றுப் பாதையில் சில மைல் இழுத்தாலே வண்டிக்கூலி அதன் விலையை விழுங்கிவிடும். ஆற்றில் படகேறிவிட்டால் கடல்வழியே லண்டன்வரை மலிவாகப் போய்விடும். ஆகவே நியூகாசில் வட்டாரத்துச் சுரங்க முதலாளிகள், சுரங்கத்திலிருந்து டைன் ஆற்றுத் துறைவரை உள்ள அந்தச் சில மைலுக்கே பணத்தைக் கொட்டினார்கள்.

குறுக்குக் கட்டைகள்மேல் ஓக் மரச் சட்டங்கள். அவற்றிலிருந்து நழுவாதபடி விளிம்பு வைத்த சக்கரங்கள். இவ்வளவுதான் பாதை. ஆனால் அதன்மேல் ஒற்றைக் குதிரை இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட கரியை இழுத்தது. இறக்கம் வந்தால் குதிரையை அவிழ்த்து வண்டிக்குப் பின்னால் கட்டிவிடுவார்கள். வண்டிக்காரர் நீண்ட மரநெம்புகோலைச் சக்கரத்தின்மேல் அழுத்தி வேகத்தை அடக்குவார். மழையில் நனைந்த சட்டத்தில் பிடி வழுக்கினால் உயிருக்கே ஆபத்து. துறையில் வண்டியின் அடிப்பலகையைத் திறந்தால் கரி தானே கொட்டிவிடும். வழியிலுள்ள நிலக்காரர்களுக்கு வாடகை கட்டவேண்டியிருந்தது. பள்ளத்தாக்குகளைத் தாண்டவும் வேண்டியிருந்தது. டான்ஃபீல்ட் நிலக்கரிப் பாதைக்காக 1720-களில் எழுந்த காசி வளைவுப் பாலம் சுமார் 100 அடி அகலத்தை ஒரே கல்வளைவில் தாண்டுகிறது. இன்றும் நிற்கிறது.

ஜெர்மன் சுரங்கங்களில் இதற்கு முன்பே பலகைமேல் வண்டி தள்ளினார்களே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அவை பெரும்பாலும் சுரங்கத்துக்குள் கையால் தள்ளிய சிறு வண்டிகள். பிறர் நிலத்தினூடே, மேடு பள்ளத்தைச் சமன்செய்து மைல்கணக்கில் பாதை போடுவது வேறு காரியம். இன்னொரு மறுப்பு வலுவானது: நீராவி வராவிட்டால் இவை குதிரைப் பாதைகளாகவே நின்றிருக்கும். இருக்கலாம். ஆனால் பாதை தாங்காவிட்டால் எஞ்சினும் ஓடாது. பொறியாளர் ட்ரெவிதிக்கின் 1804 எஞ்சின் வேல்ஸில் பத்து டன் இரும்பை இழுத்துக் காட்டியும் நிலைக்காததற்கு ஒரு முக்கியக் காரணம், அதன் பாரத்தில் வார்ப்பிரும்புத் தண்டவாளம் உடைந்ததுதான். ரயில் பொறியாளர் ஸ்டீபன்சன் வளர்ந்ததும் தொழில் கற்றதும் டைன் கரை நிலக்கரிப் பாதைகளின் நடுவே. கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத்துப் பாதையின் 4 அடி 8 அங்குல அகலத்தையே அவர் 1825-ல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதைக்கும் கொண்டுபோனார். பிறகு அரை அங்குலம் கூடி, உலகின் பெரும்பாலான ரயில்பாதைகளின் அளவாக அது நிலைத்தது. 2013-ல் வால்சென்ட் அருகே தோண்டியபோது, 18-ஆம் நூற்றாண்டின் வில்லிங்டன் மரத் தண்டவாளம் கிடைத்தது. அதன் அகலமும் அநேகமாக அதே அளவுதான்.