கொழுப்புத் திசு அழற்சியும் நீரிழிவும்: மெலிந்த உடலை முன்வைத்து

நீரிழிவைச் 'சர்க்கரை வியாதி' என வழங்குவதால், நோயின் வேர் உண்ணும் இனிப்பில் மட்டுமே உள்ளது என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. இரண்டாம் வகை நீரிழிவின் தோற்றத்தில் வயிற்றுக் கொழுப்புத் திசுவில் நிகழும் அழற்சிக்கும் பங்குண்டு. காய்ச்சலோ வலியோ இன்றி ஆண்டுக்கணக்கில் நீடிப்பதால் அது கண்ணில் படுவதில்லை. அதன் இயக்கத்தை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கன்று. இயக்குநீர்களைச் சுரக்கும் உறுப்புமாகும். கொள்ளளவுக்கு மேல் பருக்கும் கொழுப்பணுக்கள் உயிர்வளி போதாமல் நலிகின்றன; சில மடிகின்றன. அவற்றை அகற்ற வரும் 'மேக்ரோபேஜ்' என்னும் விழுங்கணுக்கள் மடிந்த அணுவைச் சுற்றி வளையம்போல் சூழ்ந்து அழற்சிப் புரதங்களை வெளியிடுகின்றன. அவற்றுள் ஒன்றான கட்டி நசிவுக் காரணி பருத்த எலிகளின் கொழுப்பில் மிகுந்திருப்பதை 1993இல் ஹோத்தமிஷ்லிகில் குழுவினர் கண்டறிந்தனர்.

இன்சுலின் ஏற்பியில் பொருந்தியதும் அச்செய்தியை உள்ளே கடத்தும் புரதத்தின் டைரோசின் இடங்களில் பாஸ்பேட் சேர வேண்டும். அழற்சி நொதிகள் அதைச் செரின் இடங்களில் சேர்த்துவிடுகின்றன. செய்தி தடைப்பட, குளுக்கோஸ் கடத்திகள் அணுவின் மேற்பரப்புக்கு வருவதில்லை. குருதியில் சர்க்கரை தேங்க, கணையம் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுசெய்கிறது. அதுவும் இயலாதபோது நீரிழிவு வெளிப்படுகிறது.

உடல் பருத்தோர்க்கு மட்டும் உரியது இது எனக் கருதுவது பிழை. 2004இல் 'லான்செட்' இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் தம் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினர். இருவரின் உடல் நிறை குறியீடும் 22.3; கொழுப்பின் அளவோ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு. மெலிந்த தோற்றத்துள் மறைந்த கொழுப்பை எடைக்கருவி காட்டாது. இந்தியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. என எல்லை வகுத்திருப்பது இதனால்தான். தமிழ்நாட்டில் நீரிழிவின் பரவல் 14.4 விழுக்காடு என 2023இல் வெளியான இந்தியாப் ஆய்வு மதிப்பிட்டுள்ள நிலையில், எடையை மட்டும் கேட்டு முடியும் பரிசோதனை போதாது.

அழற்சியே முழுக் காரணம் என்று துணிவதும் மிகையாகும். கட்டி நசிவுக் காரணியைத் தடுக்கும் மருந்து, நீரிழிவுற்ற பருத்த மனிதரிடம் 1996இல் நடந்த சோதனையில் இன்சுலின் செயல்திறனை உயர்த்தவில்லை. ஒரு புரதத்தை மட்டும் அடைத்தால் அழற்சி வேறு வழிகளில் தொடரக்கூடும் என்பது ஏற்கத்தக்க விளக்கமாகும். கல்லீரலில் படியும் கொழுப்பும் மரபும் உடன் சேர்கின்றன.

உடலுழைப்பின் இடம் இங்கேதான் தெளிவாகிறது. சுருங்கும் தசை, இன்சுலினின் துணையின்றியே குளுக்கோஸை ஈர்த்துக்கொள்ளும். திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலப் பாதையைச் சுற்றி வருபவரின் தசைகளிலும் இதுவே நிகழ்கிறது. ஆயினும் ஒரு முறை நடப்பதால் இன்சுலின் செயல்திறனில் உண்டாகும் மேம்பாடு ஓரிரு நாள்களே நிற்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடப்பவருக்கு இடையிலுள்ள நாள்களில் அது கிட்டாது. மலையடிவாரத் தெருக்களில் குடியிருப்போர்க்கு அப்பாதையின் ஒரு பகுதி நாள்தோறும் எட்டும் தொலைவிலேயே உள்ளது.