உப்புத் தோலும் சளி மாத்திரையும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்து மாணவர்களுக்குத் தோல் மண்டியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உரித்த தோலை அப்படியே போட்டுவைத்தால் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அழுக வைப்பவை பாக்டீரியாக்கள். அவற்றைத் தடுக்கவே பச்சைத் தோலின் மீது, அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அளவுக்குச் சாதாரண உப்பைத் தூவி அடுக்கிவைக்கிறார்கள். உப்பு நீரை இழுத்துக்கொள்கிறது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர வழியின்றி ஒடுங்கிவிடுகின்றன.

ஆயினும் வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்களில், நன்றாக உப்பிட்ட தோலிலும் சில சமயம் சிவப்புத் திட்டுகள் தோன்றுவதுண்டு. உப்பிலேயே வாழப் பழகிய நுண்ணுயிர்களின் வேலை அது. உப்பு அவற்றைப் படைக்கவில்லை. மற்றவை இருந்த இடத்தைக் காலி செய்து கொடுத்தது, இவை குடியேறின. அவ்வளவுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஜலதோஷத்துக்கு வருவோம்.

ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கும் மேற்பட்டவை. ரைனோவைரஸ் என்னும் ஓரினத்தில் மட்டும் 160-க்கும் அதிகமான வகைகள் உள்ளன. ஆன்ட்டிபயாட்டிக் எனப்படும் எதிருயிரி மருந்துகளோ பாக்டீரியாக்களைத் தாக்குபவை. பெனிசிலின், அமாக்சிசிலின் போன்றவை பாக்டீரியாவின் செல்சுவர் கட்டப்படுவதைத் தடுக்கின்றன. வைரஸுக்குச் செல்சுவரே கிடையாது. கோட்ரைமாக்சசோல் பாக்டீரியா தனக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தயாரிப்பதைத் தடுக்கிறது. வைரஸ் எதையும் தானே தயாரிப்பதில்லை. நம் செல்லுக்குள் புகுந்து, அதன் கருவிகளைக் கொண்டே பெருகுகிறது. பூட்டே இல்லாத வீட்டுக்குச் சாவி எதற்கு?

"ஆனால் எனக்குக் குணமாயிற்றே!" என்று நீங்கள் கேட்கலாம். குணமாகத்தான் செய்யும். சாதாரண ஜலதோஷம் ஏழு முதல் பத்து நாட்களில் தானே போய்விடும். நாம் பெரும்பாலும் மூன்றாம் நாள், தொல்லை உச்சத்தில் இருக்கும்போது மாத்திரை விழுங்குகிறோம். அதற்குப் பின் எது செய்தாலும், செய்யாவிட்டாலும், நோய் இறங்குமுகம்தான். பெயர் மாத்திரைக்குப் போகிறது.

விழுங்கிய மருந்து வைரஸை ஒன்றும் செய்யவில்லை. சரி, வீண் செலவோடு போயிற்று என்று இருந்துவிட முடியுமா? முடியாது. உங்கள் உடலில், பெரும்பாலும் குடலில், முப்பது லட்சம் கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. மருந்து அவற்றின் மீது பாய்கிறது.

இயற்பியல் பாடம் நடத்துவது என் தொழில். கதிரியக்கத்தில் அரை ஆயுட்காலக் கணக்கு போட்டிருப்பீர்கள். அதையே தலைகீழாகப் போடுங்கள். நல்ல சூழலில் ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகிறது. பத்து மணி நேரத்தில் 30 முறை. இரண்டை 30 முறை பெருக்கிப் பாருங்கள்: நூறு கோடியைத் தாண்டும். ஒவ்வொரு பிரிவிலும் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. எப்போதோ ஒரு முறை பிழை நேர்கிறது. அப்பிழைகளுள் வெகு சில, மருந்திலிருந்து தப்பும் ஆற்றலைத் தந்துவிடுகின்றன. நூறு கோடியில் அப்படி ஒன்றிரண்டு இருந்தால் சாதாரண நாளில் அவற்றுக்கு மதிப்பில்லை. கூட்டத்தில் நெருக்கப்பட்டுக் கிடக்கும். மருந்து வந்து கூட்டத்தைக் கலைத்த மறுநாள், இடம் முழுவதும் அவற்றுடையது.

தீங்கற்ற பாக்டீரியா எதிர்ப்புத் திறன் பெற்றால் நமக்கென்ன என்றும் கேட்கலாம். பாக்டீரியாக்களிடம் பிளாஸ்மிட் எனப்படும் சிறிய டி.என்.ஏ. வளையங்கள் உண்டு. ஒரு பாக்டீரியா இவ்வளையத்தைப் படியெடுத்து, அருகிலுள்ள வேறோர் இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். எதிர்ப்புத் திறன் இவ்வளையத்தில் எழுதப்பட்டிருந்தால், சாதுவான பாக்டீரியா கொடிய கிருமிக்கு ஆயுதம் வழங்கியதாகிவிடும்.

இது கற்பனை அன்று. 1948-இல் டைஃபாய்டுக்கு குளோராம்ஃபெனிகால் என்னும் மருந்து வந்தது. வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்திப் பலரைக் கொன்ற காய்ச்சல் அடங்கியது. 1972-இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் பரவிய டைஃபாய்டு இம்மருந்துக்கு மசியவில்லை. அந்தக் கிருமியின் எதிர்ப்புத் திறன் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறக்கூடியது என்பதும் அப்போதே கண்டறியப்பட்டது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மூன்று மருந்துகளை ஒருசேர எதிர்க்கும் டைஃபாய்டு இந்தியாவெங்கும் பரவியது. மருத்துவர்கள் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மாறினார்கள். இன்று நம் நாட்டு டைஃபாய்டுக் கிருமிகளில் பெரும்பாலானவற்றிடம் அதுவும் வலுவிழந்துவிட்டது. ஒரு விந்தை: பயன்பாடு குறைந்துபோன பழைய குளோராம்ஃபெனிகாலுக்குக் கிருமிகளிற் பல மீண்டும் பணிகின்றன. உப்பை எடுத்துவிட்டால் உப்பு விரும்பிகளுக்குச் சலுகை ஏது?

நம் ஊர் நிலை என்ன? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 2003 முதல் 2005 வரை வேலூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மருத்துவமனைகளிலிருந்தும் மருந்துக் கடைகளிலிருந்தும் வெளியே வந்தவர்கள் எந்தெந்த மருந்தைப் பெற்றார்கள் என்று பார்த்தார்கள். கணக்கில் வந்தவர்கள் ஏறத்தாழ 52,800 பேர். அவர்களுள் சுமார் 41 விழுக்காட்டினர் கையில் எதிருயிரி மருந்து இருந்தது. அம்மருந்துகளிலும் ஏறத்தாழ 41 விழுக்காடு சுவாச நோய்களுக்காகக் கொடுக்கப்பட்டவை. சுவாச நோய் எல்லாமே ஜலதோஷம் அல்ல. நிமோனியாவும் அதில் அடங்கும். நிமோனியாவுக்கு எதிருயிரி மருந்து உயிர்காக்கும் மருந்து. மூச்சு வேகமாக வாங்குதல், நெஞ்சுவலி, காதில் சீழ், விடாத காய்ச்சல் ஆகியவை இருந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெறும் மூக்கொழுகலுக்கு ஓய்வும், வெந்நீரும், கஞ்சியும், பொறுமையும் போதும்.

குறை யாருடையது? மருந்து எழுதும் மருத்துவரை மட்டும் சொல்வது நியாயமாகாது என்பது என் கருத்து. மாத்திரை தராத மருத்துவரை "கைராசி இல்லை" என்று சொல்லி அடுத்த தெருவுக்குப் போகிறவர்கள் நாம்தாம். நாள் கூலிக்குத் தோல் தொழிற்சாலைக்குச் செல்பவருக்கு ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் சம்பளம் இல்லை. மருந்துக் கடையில் "நாலு மாத்திரை கொடுங்க" என்று கேட்பதை அவருடைய அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

சட்டமும் இருக்கிறது. முக்கியமான எதிருயிரி மருந்துகள் பலவற்றை, மருத்துவரின் சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிய பிறகே விற்க வேண்டும் என்னும் விதி 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இன்று வீட்டுக்குப் போனதும் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அட்டையின் பின்புறம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டின்றி உண்ணக்கூடாத மருந்து. சென்ற முறை மிச்சமான இரண்டு மாத்திரைகள் அங்கே இருந்தால், அவை அடுத்த ஜலதோஷத்துக்கு உரியவை அல்ல.