மாசி மாதத்து மாமரம்

சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களையும் இளவேனில் என வகுத்தனர் நம் முன்னோர். ஆயினும் வீட்டுக் கொல்லை பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. மாசி பிறந்ததும் வேம்பு பழுத்த இலைகளை உதிர்க்கின்றது. மாமரமோ கிளைதோறும் பூங்கொத்து ஏந்தி நிற்கின்றது. நாமும் உடனே மனக்கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறோம்: அண்டை வீட்டாருக்கு ஒரு கூடை, சம்பந்தி வீட்டாருக்கு இரண்டு கூடை!

மரத்தின் கணக்கு வேறு. ஒரு கொத்திலுள்ள நூற்றுக்கணக்கான பூக்களுள் பெரும்பாலானவை ஆண் பூக்களே. நூறு பூவிற்கு ஒன்றுகூடக் கனியாவதில்லை. தறியில் இழை அறுந்தால் பிணைத்துவிடலாம். உதிர்ந்த பிஞ்சைப் பிணைப்பார் எவர்? உப்பிலிட்டு மாவடு ஆக்கலாம், அஃதொன்றே ஆறுதல்.

தத்துப்பூச்சிக்கு அஞ்சி, பூ மலர்ந்திருக்கும்போதே நஞ்சு தெளிப்பாரும் உளர். பரிமாறுவோரை விரட்டிவிட்டுப் பந்தியில் அமர்வதற்கு ஒப்பாகும் அது. மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பவை ஈக்களும் தேனீக்களும் அல்லவா? ஆதலின் அங்கத்தினர்கள், கொத்து அரும்பும் பொழுதே மரத்தைக் கவனித்தல் வேண்டும். பூச்சி தென்படின், அரைக் கிலோ வேப்பம்பருப்பை இடித்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டர் ஆகும்படி நீர் கூட்டி, மாலையில் தெளித்தல் நலம்.

பின்பு பொறுத்திருப்பதே நம் வேலை. முதற்கனியை அணிலும் கிளியும் எடுத்துக்கொள்ளும். பங்குத்தொகை செலுத்தாமலே இலாப ஈவு பெறும் அங்கத்தினர்கள் அவை மட்டுமே!