காலியாகப் போகும் 192 பைட்டுகள்

கம்பிவழிக் கணினி – 11

சுவிட்ச் 30 விநாடி வழிவிடாமல் நின்றதால் ஆய்வகத்துக் கணினிகள் முகவரி இல்லாமல் தவித்த கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் சர்வர் அனுமதிகள் என்று அறிவிப்பு. அதற்குள் நுழையும் முன் ஒரு பைட் கணக்கைச் சொல்லாமல் நகர முடியாது.

ரயில் நிலையத்தில் ஒருவர் கைபேசியில் வைஃபையைத் தட்டுகிறார். உடனே அந்தக் கைபேசி, தனக்கு ஓர் ஐ.பி. முகவரி வேண்டும் என்று நெட்வொர்க் முழுக்கக் குரல் கொடுக்கிறது. டி.எச்.சி.பி. என்ற அந்தக் கோரிக்கையின் நிலையான முன்பகுதி 236 பைட். அதில் 64 பைட் ஒரு சர்வரின் பெயரை எழுத விட்டுவைத்த இடம். இன்னொரு 128 பைட், அந்தச் சர்வரிடமிருந்து வாங்க வேண்டிய பூட் கோப்பின் பெயருக்கான இடம். கைபேசிக்கு இரண்டுமே வேண்டாம். அதன் ஆண்ட்ராய்டோ ஐ.ஓ.எஸ்ஸோ உள்ளேயே இருக்கிறது. ஆகவே அந்த 192 பைட்டுகளும் வழக்கமாகப் பூஜ்யங்களாகவே பயணிக்கின்றன. 236-ல் 192! கடிதத்தின் பெரும்பகுதி வெற்றுத்தாள்.

யாருக்காக விட்ட இடம் அது? 1985 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பில் கிராஃப்ட், சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜான் கில்மோர் இருவரும் ஆர்.எஃப்.சி. 951 என்ற ஆவணத்தை வெளியிட்டார்கள். வன்தட்டு விலை மிக அதிகமாக இருந்த காலம். தட்டே இல்லாத கணினியை மேசையில் வைத்து, இயங்குதளத்தைக் கேபிள் வழியே ஊட்டுவது நல்ல சிக்கனம். ஆனால் மின்சாரம் வந்ததும் அந்தக் கணினிக்குத் தன் முகவரி தெரியாது, சர்வர் எது என்று தெரியாது, எந்தக் கோப்பைக் கேட்பது என்றும் தெரியாது. மூன்றுக்கும் ஒரே கேள்வி–பதிலில் விடை தந்தது அவர்கள் வகுத்த பூட்பி. முகவரியே இல்லாத கணினிக்குச் சர்வர் எப்படிப் பதில் அனுப்பும்? இந்தச் சிக்கலுக்கு அந்த ஆவணத்தில் ‘கோழியா, முட்டையா’ என்ற பொருளில் தனித் தலைப்பே உண்டு. ஒரு தொழில்நுட்ப ஆவணம் தன் சிக்கலை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது மனத்துக்கு நிறைவான விஷயம். (இதே கில்மோர்தான் 1990-ல், இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷனை நிறுவியவர்களில் ஒருவர். அவரைப் பற்றித் தனியே ஓர் அத்தியாயம் எழுதலாம்.)

1993-ல் வந்த டி.எச்.சி.பி., பழைய பூட்பி கணினிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அந்தப் படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. நெட்வொர்க் வழியே கணினியைத் துவக்கும் முறையான பி.எக்ஸ்.இ-யின் 2.1 பதிப்பை 1999 செப்டம்பரில் இன்டெல் வெளியிட்டது. அதுவும் அதன்மேல்தான் எழுந்தது. இன்று ஆய்வகத்தில் 40 கணினிகளை ஒரே நேரத்தில் எஃப்12 தட்டி நிறுவ முடிகிறதென்றால், அடித்தளம் அந்த 1985 படிவம்.

இனி அனுமதிக்கு வரலாம். கறுப்புத் திரையில் பி.எக்ஸ்.இ-இ53 என்ற பிழை வந்தால், முகவரி கிடைத்துவிட்டது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை என்று பொருள். அந்த 128 பைட் இடமும், அதற்கு மாற்றாக டி.எச்.சி.பி-யில் உள்ள 67-ஆம் எண் விருப்பமும் நிரம்பாமல் வந்திருக்கின்றன. பலர் உடனே கேபிளைப் பிடுங்கி மாட்டுகிறார்கள். கேபிளில் பழுது இருந்தால் முகவரியே வந்திருக்காது.

டபிள்யூ.டி.எஸ். சர்வரில், அதாவது விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சர்வீசஸில், இந்தப் பிழைக்குப் பின்னால் ஓர் அனுமதி ஒளிந்திருக்கலாம். முன்பே பதிவான கணினிகளுக்கு மட்டும் பதில் சொல் என்று அதில் ஓர் அமைப்பு உண்டு. பதிவு நடப்பது கணினியின் மேக் முகவரியையோ அதன் தனி அடையாள எண்ணையோ வைத்து. மதர்போர்டை மாற்றினால் பொதுவாக இரண்டும் மாறிவிடும். மேசை அதே, பெட்டி அதே, மேலே ஒட்டிய லேபிளும் அதே. சர்வருக்கு அது முன்பின் தெரியாத கணினி. சர்வர் மறுப்பைச் சொல்வதில்லை, பேசாமல் இருந்துவிடுகிறது. கணினிப் பக்கத்தில் அது இ53 ஆகத் தெரிகிறது.

பெயர் கிடைத்த பிறகு கோப்பைக் கொண்டுவருவது டி.எஃப்.டி.பி. என்ற நெறிமுறை. அதற்குப் பயனர் பெயர் கிடையாது, கடவுச்சொல் கிடையாது. கேட்பவர் யார் என்று அது விசாரிப்பதே இல்லை. அதனால்தான் லினக்ஸில் பரவலாகப் பயன்படும் டி.எஃப்.டி.பி-எச்.பி.ஏ. ஒரு கறாரான விதி வைத்திருக்கிறது: எல்லோருக்கும் வாசிப்பு உரிமை உள்ள கோப்பை மட்டுமே தரும். ரூட் பயனராக நுழைந்து கோப்பை வைத்தவர் உரிமையை 640 என்று, அதாவது பிறருக்கு வாசிப்பு இல்லாமல், விட்டிருந்தால், அவருக்குக் கோப்பு திறக்கும், கணினிக்குக் கிடைக்காது. திரையில் இ3சி, அதாவது அணுகல் மறுப்பு. 644 ஆக்கினால் தீர்ந்தது.

தீராத இடம் இன்னொன்று. ரெட்ஹேட், ஃபெடோரா வகை சர்வர்களில் எஸ்.ஈ.லினக்ஸ் என்ற இரண்டாவது காவல் உண்டு. அது ஒவ்வொரு கோப்பிலும் ஒரு முத்திரை குத்தி வைத்திருக்கிறது. நிர்வாகி பூட் கோப்பைத் தன் வீட்டுக் கோப்புறையில் இறக்கி, எம்.வி. கட்டளையால் டி.எஃப்.டி.பி. கோப்புறைக்கு நகர்த்துகிறார். நகர்த்தும்போது பழைய முத்திரை கூடவே வருகிறது. எல்.எஸ். போட்டால் 644, உரிமையாளர், பாதை எல்லாம் சரி. ஆனாலும் சர்வர் தராது. அதே கோப்பை சி.பி. கட்டளையால் நகலெடுத்திருந்தால் புதிய கோப்புறையின் முத்திரை தானே விழுந்திருக்கும். எல்.எஸ். கட்டளையோடு பெரிய இசட் எழுத்தைச் சேர்த்தால் முத்திரை கண்ணில் படும். ரெஸ்டோர்கான் ஒரே வரியில் சரிசெய்யும். இந்த ஒரு வரி தெரியாததால் எஸ்.ஈ.லினக்ஸையே மொத்தமாக அணைத்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பூட்டு திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே பெயர்த்து எடுக்கும் வேலை அது, கூடவே கூடாது.

நிறுவிய கணினி டொமைனில் சேரும்போது எழும் சிக்கல்களும், சாதாரணப் பயனர் ஒருவர் பத்துக் கணினிகளைச் சேர்த்த பின் பதினோராவதில் மாட்டிக்கொள்வது ஏன் என்பதும் இந்த வாரம் சொல்ல வேண்டியவை. அவை அடுத்த வாரத்துக்குப் போகின்றன.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட முடியாது. மைக்ரோசாஃப்டின் எம்.டி.டி. கருவியால் நிறுவும் இடங்களில், பங்குக் கோப்புறையைத் திறப்பதற்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பூட்ஸ்ட்ராப்.ஐ.என்.ஐ. கோப்பில் எழுதிவைப்பார்கள். அந்தக் கோப்பு பூட் இமேஜுக்குள் அடங்கிவிடும். அந்த இமேஜை ஆள் யாரென்று கேட்காமல் கொடுப்பது டி.எஃப்.டி.பி. ஆக, அந்த நெட்வொர்க்கில் ஒரு கேபிளைச் செருகும் எவரும் இமேஜை இறக்கி, செவன்-சிப்பில் திறந்து கடவுச்சொல்லை வாசித்துவிடலாம். அங்கே டொமைன் அட்மின் கணக்கை எழுதிவைத்திருப்பவர்கள் அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தப் பங்கை வாசிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள், இமேஜைப் புதிதாக ஆக்குங்கள், பழைய கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

(தொடரும்)