திரையில் தாய்லாந்து, திருகோணமலையில் பெரும்பள்ளி

'பொன்னியின் செல்வன்' முதற்பாகம் 2022 செப்டெம்பர் 30 இல் வெளிவருவதற்கு முன்னரே இரசிகர்களிடையே வாதம் தொடங்கிவிட்டது. ஆதித்த கரிகாலனின் நெற்றித் திலகம் சைவர்களான சோழருக்குப் பொருந்துமா? ஆடை அணிகள் அக்காலத்தவையா? கல்கியின் நாவலே வரலாறும் கற்பனையும் கலந்தது. சான்று இல்லாத இடங்களைக் கலை இயக்குநர் தோட்டா தரணி போன்றோர் கற்பனையால்தான் நிரப்ப வேண்டும்.

சான்று உள்ள இடங்களின் நிலை வேறு. இலங்கையில் நடப்பதாகக் காட்டப்படும் காட்சிகள் பல தாய்லாந்தில் படமாக்கப்பட்டவை. நாவலில் இளவரசர் அருள்மொழிவர்மர் அநுராதபுரத்தில் சிதைந்த விகாரைகளைத் திருத்துவிக்கிறார். இது கதை. ஆனால் அவர் இராஜராஜனாக முடிசூடிய பின்னர், திருகோணமலை பெரியகுளத்துக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரை 'இராஜராஜப் பெரும்பள்ளி' எனப் பெயர் பெற்றது. தமிழர் அதற்கு அளித்த கொடைகளை அங்குள்ள 11 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. தமிழரும் பௌத்தத்தைப் பேணினர் என்பதற்கு அவை நேரடிச் சான்று.

கிழக்கின் தொல்லியல் மரபுக்கென 2020 இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழர்கூட இருக்கவில்லை. விகாரை என்றால் சிங்களவருடையது மட்டுமே என்று கொள்ளப்படும்போது, அது அமைந்த நிலத்தின் உரிமையும் கேள்விக்குள்ளாகிறது. திலகம் பிழைத்தால் படத்துக்குத்தான் குறை. கல்வெட்டு மறக்கப்பட்டால் இழப்பு எமக்கு.